ரங்கூனுக்கு அலையன்ஸ் பார்க்கப் போனேன்

எங்கள் குடும்பத்தில் காலாவதி ஆகாத பாஸ்போர்ட் வைத்திருந்தது நான் ஒருத்திதான். இலங்கைக்குக் கோயில் சுற்றுலா போனபோது எடுத்தது. ரங்கூனுக்கு, இப்போதைய பெயரில் யாங்கோனுக்கு, பெண் பார்க்க என்னை அனுப்பியதற்கு வேறு தகுதி எதுவும் காரணமில்லை.

மாப்பிள்ளை என் அண்ணன் மகன் கதிர். கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. நல்ல பையன். ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்து, ஒரு வருஷம்கூட நிற்காமல் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு முடிந்தது. அதற்கப்புறம் அண்ணனும் அண்ணியும் பெண் தேடிய விதம் வேடிக்கையானது. விஷயம் தெரியாத ஊராகப் பார்த்துப் பார்த்து தஞ்சாவூரிலிருந்து ஓசூர், பெங்களூர் என்று நகர்ந்துகொண்டே போய், கடைசியில் கடலையே தாண்டிவிட்டார்கள்.

"அதை மட்டும் நீ வாய் விட்டுடாதே செல்வி. நிச்சயம் ஆகட்டும், பக்குவமா நாங்களே சொல்லிக்கிறோம்" என்றார் அண்ணன்.

சரி என்று தலையாட்டினேன். நான் திருச்சியில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். "வயித்து வலி மேடம்" என்று ஒருத்தி சொல்லும்போதே அவள் எந்தத் தியேட்டருக்குப் போகப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். பிறத்தியார் பொய்யைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. என்னையே ஒரு பொய்யைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகச் சொன்னபோது மட்டும், ஊர் பார்க்கும் ஆசையில் பேசாமல் இருந்துவிட்டேன்.

மிங்கலாடோன் விமான நிலையத்தில் பெண்ணின் அப்பா காத்திருந்தார். வீட்டில் முருகேசன், வெளியே ஊ மியிண்ட். இங்கே பல தமிழர்களுக்கு இப்படி இரண்டு பெயர். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தன்லியினிலிருந்து நகரத்துக்கு ஓடும் பஸ்களுக்கு அவர் டைம்கீப்பர். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, மூக்கின் நுனியில் கண்ணாடி.

"வாங்கம்மா. ஆகாசக் கப்பல்ல ஒண்ணும் தொந்தரவு இல்லியே?" என்றார்.

ஆகாசக் கப்பல்! அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைப் பிடித்துப்போனது.

டாக்ஸியில்தான் முதல் அதிர்ச்சி. இங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடுகின்றன. ஆனால் காரின் ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான், நம் ஊரைப்போல. ஓட்டுநருக்கு நடைபாதை நன்றாகத் தெரியும், எதிரே வரும் லாரி தெரியாது. முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால், இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். முருகேசன் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பின்சீட்டில் சமயபுரம் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

நகரத்தின் நடுவே கியாக்டடாவில், சூலே பகோடா என்ற புத்தர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு அறை. வரவேற்பில் இருந்த பெண் என்னை "டோ செல்வி, டோ செல்வி" என்று அழைத்தாள். யாரோ நாயை விரட்டுகிறார்கள் என்று முதலில் திரும்பிப் பார்த்தேன். மரியாதைக்குரிய பெண்மணி என்று அர்த்தமாம். திருச்சியில் இத்தனை வருஷம் 'ஏய் வார்டன் வருதுடி' என்றே கேட்ட காதுக்கு அது சுகமாக இருந்தது.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். பக்கத்து மேஜையில் கண்ணியமான ஒரு பெரியவர் உதட்டைக் குவித்து 'ச்சு ச்சு' என்று முத்தம் கொடுக்கிற சத்தம் எழுப்பினார். எனக்குள் இருந்த வார்டன் எழுந்து நின்றுவிட்டாள். பார்த்தால் பரிமாறுபவர் கெட்டிலோடு ஓடி வருகிறார். இங்கே கடை ஆளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நானும் முயன்றேன். யாரும் வரவில்லை. கையைத் தூக்கித்தான் மொஹிங்கா வாங்கினேன். மீன் குழம்பில் மெல்லிய நூடுல்ஸ், மேலே வாழைத்தண்டும் மொறுமொறு வடையும். சென்னை கடற்கரை ஸ்டேஷன் பக்கத்தில் அத்தோ தின்றுவிட்டு பர்மா சாப்பாடே தெரியும் என்று நான் சொல்லித் திரிந்ததை அந்தக் கிண்ணத்தின் முன்னால் வாபஸ் வாங்கினேன்.

மத்தியானம் தன்லியினில் பெண் பார்க்கும் படலம். பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பழைய துறைமுக ஊர். மாடியில் மரப்பலகை போட்ட வீடு. சாமி அலமாரியில் புத்தரும் முருகனும் ஒரே ஊதுபத்தியைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா டோ கின் பர்மியப் பெண்மணி. தமிழ் வராது. வராத தமிழுக்கெல்லாம் சேர்த்து என் தட்டில் சோறு வைத்தார்.

பெண்ணின் பெயர் ஸ்ரீமதி. பர்மிய நாக்கில் 'ஸ்ரீ' என்பது 'தீரி' ஆகிவிடும், அதனால் வெளியே மா தீரி. இளம்பெண் பெயருக்கு முன்னால் 'மா' சேர்ப்பார்களாம். இருபத்தெட்டு வயது. கன்னத்தில் தனக்காக் கட்டை அரைத்துப் பூசிய மஞ்சள் வட்டம். எதிரில் வந்து நின்று, "வணக்கம். பயணம் நல்லா இருந்துச்சா? டீ குடிங்க" என்றாள். அப்பா பெருமையாக, "பாப்பா சுத்தமாத் தமிழ் பேசும்" என்றார். அந்த மூன்று வாக்கியங்களுக்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மனப்பாடம் எங்கே முடிகிறதென்று எனக்குத் தெரியாதா? ஆனால் கேட்கும் நிலையிலா நான் இருந்தேன்?

சாப்பாடு முடிந்து, ஊறவைத்த தேயிலையில் வறுத்த பயறும் பூண்டும் போட்டுப் பிசைந்த லஃபே வந்தது. முருகேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாங்க தூரத்துல இருக்கோம். வந்து விசாரிக்க ஆள் இல்ல. நீங்க சொல்றதுதான். பையன் பேர்ல குறை ஒண்ணும் இல்லியே?"

"இந்தத் தேயிலை ரொம்ப நல்லா இருக்குங்க. ஊருக்குக் கொண்டுபோலாமா?" என்றேன்.

அவர் சிரித்தார். தீரி சிரிக்கவில்லை. கிளம்பும்போது மெதுவாக, "நாளைக்கு நம்ம கிளாஸ் வாங்க, சூலே பக்கம்தான்" என்றாள். அது நான்காவது வாக்கியம். மனப்பாடம் இல்லை.

அமெரிக்கப் பள்ளிப் படிப்புக்குச் சமமான ஒரு தேர்வு இருக்கிறது. வெளிநாட்டில் படிக்க நினைக்கும் யாங்கோன் பிள்ளைகள் அதை எழுதத் துடிக்கிறார்கள். அதற்கு நடக்கும் தனி வகுப்பு ஒன்றில் தீரி சமூக அறிவியல் பாடம் எடுக்கிறாள். பழைய கட்டடம். ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்குகிறது. கீழே நின்று கயிற்றை ஆட்டினேன். மேலே மணி அடித்தது. கயிற்று நுனியில் கேட்டுச் சாவி இறங்கி வந்தது. எங்கள் விடுதியில் மட்டும் இந்த வசதி இருந்திருந்தால் சாவிக்குப் பதில் என்னென்ன ஏறியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே படியேறினேன்.

வகுப்பில் இருபது பேர் இருக்கலாம். பெரும்பாலும் பெண்கள். பையன்கள் ஏன் குறைவு என்று நான் கேட்கவில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுப்பது போன்ற சில விஷயங்களைக் கேட்க வேண்டாம் என்று முருகேசன் முதல் நாளே சொல்லியிருந்தார். நடைபாதையில் ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. பலகையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆங்கிலத்தில் பெரிதாக 'பர்மனென்ட் அலையன்ஸ்' என்று எழுதியிருந்தது. நம் ஊரில் அலையன்ஸ் என்றால் ஒரே அர்த்தம்தானே. என் விஷயத்தைத்தான் பாடமாக நடத்துகிறாளோ என்று பயந்தேன்.

அப்படியில்லை. இது நாடுகள் போட்டுக்கொள்ளும் நிரந்தரக் கூட்டணி. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கும்போது நாட்டு மக்களுக்குச் சொன்ன புத்திமதிதான் பாடம். பக்கத்து இருக்கைப் பெண் எனக்காக ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். தமிழில் சிக்கனமாக இருக்கும் தீரி, பர்மிய மொழியில் வேறு ஆள். கை பேசியது, புருவம் பேசியது.

அந்த மனிதர் சொன்னதன் சாரம் இது: எந்த நாட்டோடும் காலத்துக்கும் அவிழாத முடிச்சுப் போடாதீர்கள். ஒரு நாட்டின்மேல் எப்போதும் ஆசை, இன்னொன்றின்மேல் எப்போதும் வெறுப்பு என்று இருந்தால், அந்த ஆசைக்கும் வெறுப்புக்கும் நீங்களே அடிமையாகிவிடுவீர்கள். எல்லோரோடும் வியாபாரம் செய்யுங்கள். ஆபத்து வந்தால் தற்காலிகமாகச் சேர்ந்துகொள்ளுங்கள்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், இங்கிலாந்தோடு சண்டை போட்டபோது பிரான்ஸ்தானே கப்பலும் படையும் அனுப்பிக் காப்பாற்றியது? பிறகு பிரான்ஸ் சண்டையில் மாட்டினபோது இவர் ஒதுங்கிக்கொண்டார். இது நன்றிகெட்டதனம் இல்லையா?"

"பலர் அப்படித்தான் கத்தினார்கள்" என்றாள் தீரி. "ஆனால் ஒன்றைப் பாருங்கள். கொடுத்த வாக்கை உடைக்கச் சொல்லவில்லை. கொடுத்ததை நேர்மையாகக் காப்பாற்றுங்கள், புதிதாகக் கொடுக்காதீர்கள் என்கிறார். புதிய நாடு. கையில் பணமில்லை, படையில்லை. நிற்கக் கொஞ்ச காலம் கேட்கிறார்."

"அவருக்கென்ன, சொல்லிவிடுவார்" என்றது பின்வரிசைக் குரல். "நடுவில் அவ்வளவு பெரிய கடல். நமக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர், கையை நீட்டினால் இடிக்கிறது."

பெயர் சொல்லாவிட்டாலும் சீனாவும் இந்தியாவும்தான் என்று எனக்கே புரிந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

"அது தேர்வில் வராது" என்றாள் தீரி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். "இது வரும். வீட்டுக்கு எப்படி நேர்மை நல்லதோ, அப்படியே அரசாங்கத்துக்கும் என்கிறார். அவர் நேர்மையாக இருந்தாரா?"

ஆளுக்கொன்று சொன்னார்கள். விடுதலை பேசிய அதே மனிதர் அடிமைகளை வைத்திருந்தார் என்றாள் ஒருத்தி. தீரி அதை ஆமோதித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். அவர் ஆட்சியிலேயே இங்கிலாந்தோடு ஒரு உடன்படிக்கை போட்டார்கள். அதன் ஷரத்துகளை முதலில் ஜனங்களுக்குக் காட்டாமல் மூடி வைத்தார்கள். விஷயம் கசிந்ததும் ஊர் ஊராகக் கொதித்தது. "உடன்படிக்கை நல்லதா கெட்டதா என்பது வேறு சண்டை. மூடி வைத்ததால் நல்லதாக இருந்த ஷரத்தைக்கூட யாரும் நம்பவில்லை."

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் உறுத்தியது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தும் எனக்கு வேர்த்தது. இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய யாரோ ஒரு துரையைப் பற்றிய பாடத்தில் நான் மாட்டிக்கொள்வேன் என்று எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டில் எனக்கு விருந்து. மறுநாள் நான் ஊர் திரும்ப வேண்டும். இருவரும் பஸ் பிடித்தோம். ஜன்னலோரம் இடம் கிடைத்து, காற்று வாங்கி, எல்லாம் நன்றாகத்தான் போனது. பாலத்தின் நடுவில் போய் எஞ்சினிலிருந்து புகை வந்தது. ஓட்டுநர் இறங்கினார், குனிந்தார், நிமிர்ந்தார், வெற்றிலை துப்பினார். எல்லோரும் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள்.

"அப்பா லைன் பஸ்" என்றாள் தீரி. "அப்பாகிட்ட சொல்லாதீங்க. வெக்கப்படுவார்."

நடந்தோம். கீழே ஆறு காப்பி நிறத்தில் அகலமாகக் கிடந்தது. என் குடை ஒரே வீச்சில் உள்வெளியாகத் திரும்பிக்கொண்டது. அதை மடக்கப் போராடிக்கொண்டே சொன்னேன். நேராக நின்று முகம் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"தீரி, நேத்து உங்க அப்பா ஒண்ணு கேட்டார். நான் தேயிலையைப் பத்திப் பேசிட்டேன்."

"பாத்தேன்."

"கதிருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சும்மா. விவாகரத்தும் ஆயிடுச்சு. அதைச் சொல்ல வேண்டாம்னு சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க."

அவள் நடையை நிறுத்தவில்லை. காற்றில் அவள் இடுப்பில் சுற்றியிருந்த லோஞ்சி படபடத்தது.

"அந்தப் பொண்ணு ஏன் போச்சு?"

"எங்க அண்ணி" என்று ஆரம்பித்துக் குடையை இன்னொரு முறை இழுத்தேன். "மருமக சிரிச்சாலும் காரணம் கேப்பாங்க. அழுதாலும் கேப்பாங்க. கதிர் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் தலையாட்டினான். அவ பேர் நிர்மலா. ஒருநாள் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

தீரி பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டோ, எனக்கு தமிழ் வெளங்கும். பேச வந்தா பர்மா பாஷை முன்னாடி வந்து நின்னுக்கும். மெதுவா சொல்றேன். நானும் பொய்தான். இங்கேருந்து வெளிய போகணும். கல்யாணம்னா அப்பா விடுவார், படிக்கன்னா விடமாட்டார். இந்தியா வந்து, கொஞ்ச நாள் இருந்து, காலேஜ் சீட்டு கெடச்சா போயிடலாம்னு... உங்க பையனை விட்டுட்டு."

"தற்காலிக அலையன்ஸ்" என்றேன்.

அவள் முதலில் விழித்தாள். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று சொன்னதும், பாலத்தின் நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடந்து போன லாரிக்காரர் ஹாரன் அடித்து எங்களை வாழ்த்தினார். சிரித்து முடித்தபோது அவள் கண் நிறைந்திருந்தது. "ஆனா அதுலயும் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும்" என்றாள்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் முருகேசனிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"சமுத்திரம் தாண்டி வந்து இதை மறைப்பீங்களாம்மா? நம்ம ஜனம்னு நம்பித்தானே கூப்பிட்டேன்? என் பொண்ணை அங்க கொண்டுவந்து விட்டுட்டு, நான் இங்க சிரிச்சுக்கிட்டு இருந்திருப்பேனே!"

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது தீரி பர்மிய மொழியில் பேசத் தொடங்கினாள். 'இந்தியா' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. மற்றதை முருகேசனின் கையில் பார்த்தேன். அது நாற்காலியின் முதுகைத் தேடிப் பிடித்தது. என்மேல் இருந்த கோபம் வழி தெரியாமல் அறையின் நடுவே நின்றது. அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்.

டோ கின்தான் அடுப்படியிலிருந்து ஒரு கேள்வி கேட்டார். தீரி மொழிபெயர்த்தாள். "அம்மா கேக்கறாங்க, அந்தப் பையன்கிட்ட யாராவது கேட்டாங்களான்னு."

கேட்கவில்லை. உடனே கதிரை வீடியோ காலில் பிடித்தேன். கம்பெனி கேண்டீனில் இருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தான். "என்ன அத்தை சொல்றீங்க? பொண்ணு வீட்டுக்கு எல்லாம் தெரியும், சம்மதம்னுதானே அம்மா சொன்னாங்க!"

தீரி என் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். ஒரு தடவை சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. கரண்ட் போய் வைஃபை செத்தபோது திரும்பி வந்தாள். "ரெண்டு பேருக்கும் வேண்டாம்" என்று போனை என்னிடம் கொடுத்தாள். "நல்ல பையன். யாராவது அவர்கிட்ட நேரா பேசணும்."

முருகேசன் எங்களோடு சாப்பிடவில்லை. பாலத்தில் ஏதோ பஸ் நின்றுவிட்டதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனார். நானும் தீரியும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். டோ கின் இறால் குழம்பை என் பக்கம் தள்ளி, பர்மியத்தில் என்னமோ சொன்னார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சாப்பிட்டேன்.

காலையில் அண்ணன் போன் செய்தார். கதிர் ஏற்கெனவே வீட்டில் பேசியிருக்கிறான் என்று குரலிலேயே தெரிந்தது.

"நீ நம்ம பக்கமா, அவங்க பக்கமா?"

"யார் பக்கமும் இல்லண்ணே. இருக்கறதைச் சொன்னேன்."

"அப்ப நீ எதுக்குப் போனே?"

நியாயமான கேள்வி. யோசித்துப் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். இதை எழுதும் இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை. கதிர் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறான். தனியாக வீடு எடுத்துவிட்டான், சாம்பார் மட்டும் இன்னும் சரியாக வரவில்லையாம். தீரி சில மாதங்கள் கழித்து, கல்யாணம் எதுவும் இல்லாமலே, தாய்லாந்துக்குப் படிக்கப் போனாள். பஸ் ஏற்றிவிட்டது அப்பாதான் என்று எழுதியிருந்தாள்.

ஆனால் அன்று காலை அதெல்லாம் தெரியாது. விமான நிலையத்துக்குத் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும் என்று வாசலுக்கு வந்தேன். டாக்ஸியோடு முருகேசன் நின்றுகொண்டிருந்தார். "கூட்டியாந்தவன் கொண்டுபோய் விடணும்" என்றார். மிங்கலாடோன் வரை ஓட்டுநர் எந்த வண்டியையும் தாண்டாமல் பொறுமையாகப் போனார்.

இறங்கியதும் ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். லஃபே. "கேட்டீங்களே" என்றார். நான் அதைத் தொடவே கூசினேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டது. இரண்டடி போனவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு... நிர்மலா. அது இப்ப எப்படி இருக்கு?"

கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்ணில் கோபம் இல்லை. ஒரு பெண்ணைப் பெற்றவர் இன்னொரு பெண்ணைப் பற்றிக் கேட்டார். எங்கள் வீட்டில் அதுவரை ஒருத்தரும் கேட்காத கேள்வி. நான் உட்பட.

"தெரியாதுங்க" என்றேன்.

"விசாரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

சென்னையில் இறங்கிப் பெட்டிக்காகக் காத்திருந்தபோது போனை எடுத்தேன். அவள் எண் இன்னும் 'கதிர் நிர்மலா' என்றேதான் இருந்தது. முதலில் அதில் 'கதிர்' என்பதை அழித்தேன். பிறகு கூப்பிட்டேன். நாலைந்து மணி போனது. எடுக்கமாட்டாள், எடுக்காவிட்டாலும் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"யாரு?"

"நிர்மலா, நான்தான்மா. செல்வி அத்தை."

பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்துகொண்டிருந்தன. வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை, இருந்தாள்.

"சாப்டீங்களா அத்தை?" என்றாள்.